பற்றீரியா கதிர்வீச்சைத் தின்னுமா?

வணக்கம். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஏதும் நடந்தால் எங்கட நெல்லுக்கு என்ன ஆகும் என்று மன்னார்ப் பக்கத்து விவசாயிகள் கேட்பதுண்டு. நல்ல பற்றீரியாவை மண்ணுக்கு விட்டால் கதிர்வீச்சைத் தின்றுவிடுமாமே என்ற கேள்வியும் கூடவே வரும். தின்னாது. அணு உலை விபத்தில் வெளிவரும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டு எடுக்கும், அதை எந்தப் பற்றீரியாவாலும் அவசரப்படுத்த முடியாது. ஆனால் அந்தச் சீசியம் மண்ணிலேயே கிடக்குமா, வேருக்குள் ஏறுமா என்பதில் பற்றீரியாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பயிருக்குச் சீசியத்தையும் பொற்றாசியத்தையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது, இரண்டும் ஒரே வாசலால்தான் நுழைகின்றன. 2011இல் புகுஷிமா விபத்துக்குப் பிறகு யப்பானில் வயல்களுக்குப் பொற்றாசியப் பசளையைக் கூடுதலாகப் போட்டதே இதனால்தான். பொற்றாசியம் தாராளமாக இருந்த வயலில் நெல் சீசியத்தைக் குறைவாகவே எடுத்தது.

இப்போது எங்கள் வயலுக்கு வருவோம். யூரியா போடுகிறோம், அதை அமோனியமாக உடைப்பது மண்ணில் இருக்கும் பற்றீரியாக்களின் நொதியம். மேட்டுக் காணியில் வேறு பற்றீரியாக்கள் அந்த அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றிவிடும், ஆனால் தண்ணீர் கட்டிய வயலில் ஒட்சிசன் இல்லாததால் அந்த வேலை பெரும்பாலும் நின்றுபோய் அமோனியம் அப்படியே தேங்கும். அமோனிய அயன் பருமனில் சீசியத்துக்குக் கிட்ட நிற்பது, ஆகவே களித் துணிக்கையில் ஒட்டியிருக்கிற சீசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் இருந்துகொள்ளும். தள்ளப்பட்டது நீரோடு வேருக்குப் போகும். அளவுக்கு மிஞ்சி யூரியா கொட்டுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேரைச் சுற்றி வாழும் சில பற்றீரியாக்கள் அமிலம் சுரந்து கனிமங்களைக் கரைத்துப் பொற்றாசியத்தை விடுவிக்கும், போத்தலில் அடைத்து விற்கும் உயிர்ப் பசளைகளிலும் இந்த வகை உண்டு. நல்லதுதான். ஆனால் கனிமத்துக்குள் சீசியம் பூட்டிக் கிடந்தால் அதுவும் சேர்ந்தே வெளியே வரலாம். மறுபக்கம், பற்றீரியாவே சீசியத்தைத் தன் கலத்துக்குள் இழுத்துக்கொள்ளும், செத்ததும் திரும்ப மண்ணுக்கே விட்டுவிடும். அதாவது அது சேமிப்புக் கணக்கு இல்லை, கைமாற்று.

மண் வகையும் முக்கியம். இலைற்று போன்ற களிக் கனிமம் சீசியத்தை இறுக்கிப் பிடிக்கும். வெப்பவலயச் செம்மண்ணில் அதிகம் இருக்கும் கயோலினைற்று அப்படிப் பிடிக்காது. 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம் உலகம் முழுக்க மண்ணில் சொற்பமாக இருக்கத்தான் செய்கிறது, அதற்காகப் பயந்து சோற்றை ஒதுக்கத் தேவையில்லை.

நெற்பயிர் எடுக்கும் பொற்றாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கும். காலபோகம் முடிந்ததும் வைக்கோல் முழுவதையும் கட்டி விற்றுவிட்டால் அந்தப் பொற்றாசியமும் லொறி ஏறிவிடும், பிறகு எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளைக்குக் காசு தேட வேண்டியதுதான். கொஞ்சத்தையாவது வயலில் பரப்பி உழுதுவிடுங்கள், மிச்ச வேலையைப் பற்றீரியா பார்க்கும்.