கடைசியாக வருபவரின் வேகம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து நடக்கவும், சைக்கிளில் ஊர் சுற்றவும் போகிற குழு ஒன்றைப் பற்றிக் கதைக்கச் சொல்லி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். மிக்க நன்றி. எங்கள் குழுவுக்குப் பெயர்ப்பலகை இல்லை. தலைவர், செயலாளர் என்று யாரும் இல்லை. ஆசிரியர்கள், தோட்டம் செய்கிறவர்கள், வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மம்மாக்கள் என்று வருகிறவர்கள்தான் குழு.

வாருங்கள் என்று கூப்பிட்டால் பலரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் பார்க்க என்ன இருக்கிறது? மலை இல்லை, அருவி இல்லை, ஆறுகூட இல்லையே என்பார்கள். ஆறு இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வழுக்கியாறு தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக ஏறத்தாழ 16 கிலோமீற்றர் வந்து, அராலியில் கடல்நீரேரியில் சேர்கிறது. வருடத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் பள்ளம். மாடு மேயும், பெடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, குளங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியத் தொடங்கினால்தான் ஆறு ஆறாகும். மதகுகளுக்கு மேலால் நாள்தோறும் பஸ்ஸில் போகிறோம். கீழே இருப்பது ஆறு என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள் எங்கள் குழுவிலேயே பலர் இருந்தார்கள்.

தை மாதத்தில் அந்த ஆற்றோடு நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் நெல் முற்றித் தலை சாய்ந்திருக்கும். வரம்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம், கதை தானாகக் குறைந்துவிடும். கந்தரோடையில் கொஞ்சம் விலகிப் போனால், பனைகளுக்கு நடுவே முருகைக்கல்லால் கட்டிய சிறு சிறு தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. நூறு வருடங்களுக்கு முன் வரலாற்றாய்வாளர் சேர் போல் பீரிஸ் அகழ்ந்து பார்த்த இடம் அது. அங்கே நிழலில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆற்றுக்கு வருவோம்.

அந்த நடையில் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியது அதிகம் இல்லை. வயலில் நிற்கிற ஐயாமாரே விளக்கிவிடுவார்கள். குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். குளத்திலும் ஆற்றிலும் தேங்கும் மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. உப்புநீர் பாரம், நன்னீர் இலேசு. மேலே இருக்கும் படையை நாங்கள் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதன் காரணம் இதுதான். பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியாகக் கிடக்கிற விஷயம், மதகடியில் நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்க்கும்போது வேறு மாதிரி மனதில் பதிகிறது. அதே மதகடியில் சொப்பிங் பைகளும் லஞ்ச் சீற்றுகளும் அடைத்துக்கிடப்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். யாரும் சொல்லாமலே குனிந்து பொறுக்குவார்கள். எனக்கு அந்த நேரத்தில் அவர்கள்மேல் வருகிற மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

சரி, குழுவாகப் போவது எப்படி என்று சொல்ல வேண்டும். எங்களிடம் விதிகள் அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் எக்காரணத்துக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கடைசியாக வருபவரின் வேகம்தான் எல்லோருடைய வேகம்.

இதைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். றோட்டில் இறங்கினால் அரை மணித்தியாலத்தில் மறந்துபோகும். வழக்கமாக என்ன நடக்கிறது? கெதியாகப் போகிறவர்கள் முன்னால் போய் ஒரு வேப்பமர நிழலில் இருந்து கால் மணித்தியாலம் இளைப்பாறுகிறார்கள். பின்னால் வந்த அம்மா ஒருவர் மூச்சு வாங்க வந்து சேர்கிறார். உடனே முன்னால் வந்தவர்கள் எழும்பி, "எல்லாரும் வந்தாச்சு, வெளிக்கிடுவம்" என்கிறார்கள். ஆக, மெத்தக் களைத்தவருக்கு ஓய்வே இல்லை. களைக்காதவருக்குத்தான் ஓய்வு. அந்த அம்மா யாரையும் குறை சொல்லமாட்டார். அடுத்த ஞாயிறு வரமாட்டார், அவ்வளவுதான். குழுக்கள் தேய்ந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான், சண்டையினால் அல்ல.

ஆகவே எங்கள் வழக்கம் என்னவென்றால், கடைசி ஆள் வந்து இருந்து தண்ணீர் குடித்த பிறகுதான் ஓய்வு நேரத்தைக் கணக்கிடத் தொடங்குவோம். வெளிக்கிடும் முன்பே, இன்று கடைசியில் வருவது யார் என்று தீர்மானிப்போம். அவர் யாரையும் முந்தக்கூடாது. காற்றடிக்கிற பம்ப், ஒட்டுப்போடுகிற சாமான்கள், காயத்துக்கு மருந்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பொதி, ஒரு விசில் எல்லாம் அவரிடம்தான் இருக்கும். முன்னால் போகிறவர் ஒவ்வொரு சந்தியிலும் நின்று, அவருடைய தலை தெரிந்த பிறகுதான் திரும்பலாம். கடைசி ஆளாக வருவதற்கு இப்போது இளம் பிள்ளைகளே கேட்டு வருகிறார்கள். அதில் ஒரு பொறுப்பு இருப்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

சைக்கிளில் போகிறவர்கள் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பண்ணைப் பாலத்தால் மண்டைதீவு, வேலணைப் பக்கம் போவது எங்களுக்கு மிகவும் பிடித்த பாதை. இரண்டு பக்கமும் கடல், நிழல் என்று எதுவும் இல்லை. தென்மேற்கிலிருந்து காற்றடிக்கிற சோளகக் காலத்தில் போகும்போது எதிர்க்காற்று. மிதிக்க மிதிக்கப் பாதை குறையாது. திரும்பும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். வடகிழக்கிலிருந்து அடிக்கிற வாடைக் காலத்தில் இது மாறிவிடும். போகும்போது சுகமாக இருக்கும், இன்னும் கொஞ்சத் தூரம் போவோம் என்று ஆசை வரும். திரும்பும்போதுதான், வெயிலும் ஏறிய பிறகு, காற்று முகத்தில் அடிக்கும். புதிதாக வருகிறவர்களை மார்கழி, தையில் அந்தப் பாதையால் கூட்டிப்போனால் பாதித் தூரத்திலேயே திருப்பிவிடுங்கள். தெம்பாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அந்தப் பாதையில் ஒருநாள் எங்கள் குழுவில் வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தியின் பின் சில்லில் காற்றுப் போய்விட்டது. வழமையாக என்றால் நாலு ஆண்கள் சுற்றி நின்று வேலையை முடித்துவிட்டு, "ஓடு பிள்ளை" என்று சைக்கிளைக் கையில் கொடுத்திருப்பார்கள். அன்று கடைசி ஆளாக வந்த தபால்கார ஐயா அப்படிச் செய்யவில்லை. றோட்டோரம் குந்தியிருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தார். அவள் ரயரின் ஒரு பக்கத்தை நெம்பிக் கழற்றி, ரியூப்பை வெளியே இழுத்து, கொஞ்சம் காற்றடித்து, கடல் தண்ணீருக்குள் துண்டு துண்டாக அமுக்கிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தன. அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, உரஞ்சி, சொலூசன் பூசி, அது ஒட்டும் பதத்துக்கு வரும்வரை ஊதிக்கொண்டே இருந்து, ஒட்டை வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். முடிய அரை மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. இப்போது அவள் தன் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் ஒட்டுப் போட்டுக்கொடுக்கிறாள்.

மழைக்குப் பிறகு எங்கள் ஞாயிறுகள் பெரும்பாலும் பறவைகளோடுதான். சரசாலைக் குருவிக்காடு, அரியாலை, மண்டைதீவு, தூரம் போக முடிந்தால் சுண்டிக்குளம். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம், 2015 இல் தேசியப் பூங்காவானது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்து எல்லாம் சேற்றுக் கரையில் இருந்தே பார்க்கலாம். பூநாரை இரை தேடுவதை ஒருமுறை தொலைநோக்கியில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சேற்றையும் தண்ணீரையும் அலகுக்குள் எடுத்து வடிகட்டிக்கொண்டே நடக்கும். ஒன்றே ஒன்று சொல்கிறேன். படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து உடம்பு தேற்றுகிற உயிர்களை, எங்கள் கைத்தொலைபேசிக்காகக் களைக்கப்பண்ணுவது பெரிய அநியாயம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசியா முழுவதும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிற வழக்கம் 1987 முதல் இருக்கிறது. எண்ணிப் பழக அது நல்ல காலம்.

மணற்காட்டுக்கும் போங்கள். மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களையும், மணல் மேடுகளைப் பிடித்துவைத்திருக்கிற இராவணன் மீசையையும் அடம்பன் கொடியையும் காட்டுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று ஆச்சிமார் சொல்லக் கேட்ட பிள்ளைகள், அந்தக் கொடியை அங்கேதான் முதன்முதலாகக் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள்.

பளை, முகமாலைப் பக்கம் போகிறவர்கள் நன்றாகக் கேளுங்கள். போர்க்காலக் கண்ணிவெடி இருக்கிறது என்று எச்சரிக்கிற, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டி ஓரடிகூட வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் சனம் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்காதீர்கள், கிடக்கிற இரும்பு எதையும் தொடாதீர்கள். எங்கள் மண்ணில் குழுவாகப் போகிறவர்கள் புறப்படும் முன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முதல் பாடம் இது.

நெடுந்தீவு முழுநாள் பயணம். குறிகட்டுவானில் படகு ஏறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டும். காற்றுக் கூடின நாளில் போகவேண்டாம், படகில் பாதுகாப்பு அங்கியைப் போடச் சொன்னால் போடுங்கள். முருகைக்கல் மதில்கள், உள்ளே ஆள் புகுந்து நிற்கக்கூடிய பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, வெளியில் திரியும் குதிரைகள் எல்லாவற்றையும் பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்ப்பார்கள். இறங்குதுறையடியில் 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. யார் இவர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கெதியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நின்று, பெயர்களை வாசிக்கவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

வருடத்தில் ஒருநாள் எங்கும் போகாமல், யாராவது ஒருவருடைய வளவில் கூடி, காயவைத்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவோம். மீன், நண்டு, இறால், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். ஒடியல் மாவை நேரத்தோடு தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றிக் கயர்ப்பைப் போக்குகிற வேலை அம்மம்மாக்களுடையது. அதில் யாரும் கைவைக்க முடியாது. கடைசியில் மாவைக் கரைத்து விடும்போது கட்டிபடாமல் துழாவுவதற்குத்தான் பெடியள். பனையோலைப் பிளாவில் சுடச்சுட வாங்கிக் குடித்தபடி, அடுத்த வருடம் எங்கெங்கே போவது என்று அங்கேதான் தீர்மானிப்போம்.

பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் யோசிப்பது எனக்கு விளங்குகிறது. அதனால்தான் அம்மாவையோ அம்மம்மாவையோ கூட்டிவரச் சொல்கிறோம். மெதுவாகப் போகிற குழுவில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது. ஞாயிறு காலை ரியூசன் இருக்கிறதே என்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறையாவது பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். பரீட்சை ஒவ்வொரு வருடமும் வரும், பதின்மூன்று வயது ஒருமுறைதான் வரும்.

குளிர்கால வாத்துகள் பங்குனி, சித்திரைக்குள் வடக்கே திரும்பிவிடும், வழுக்கியாறும் வற்றத் தொடங்கும். ஆகவே வர நினைக்கிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாள் பின்னேரமே சைக்கிளின் பிறேக்கையும் சில்லின் காற்றையும் பார்த்து வையுங்கள். இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு தொப்பி, வாழையிலையில் கட்டிய சாப்பாடு போதும். எந்தப் பாதையால் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, வெயில் ஏறுமுன் வெளிக்கிடுங்கள்.

நன்றி. வணக்கம்.