கால் வீங்கும் முன்னே அளவெடுங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள், நாற்காலியை விட்டு எழுந்திருக்க நேரமில்லாதவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தக்குழாய் புடைத்து நெளியும் வெரிகோஸ் வெயின் உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் சாயங்காலம் ஆனால் ஒரே தொல்லைதான். கால் கனக்கும், கடுக்கும், காலையில் சரியாக இருந்த செருப்பு இறுக்கும். பார்க்கிற யாராவது ‘கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் போட்டுப் பாருங்களேன்’ என்பார்கள். காலை அமுக்கிப் பிடிக்கும் நீளமான காலுறை அது. வாங்கவும் செய்வார்கள். இரண்டு நாள் போடுவார்கள். அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடும்.

காலை அளவெடுத்து, இந்த ஸ்டாக்கிங்ஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பீரோவுக்குள் போனது ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் ‘அளவு சரியில்லை’ என்பார்கள், இல்லையென்றால் ‘போடவே முடியவில்லை’ என்பார்கள். இரண்டையுமே சரிசெய்யலாம். வாங்கும் அன்றைக்கே யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தை இன்று உங்களோடு செலவிட வந்திருக்கிறேன்.

காலில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இதயம் அனுப்பும் ரத்தம் தமனி வழியாகப் பாதம் வரை இறங்கிவிடுகிறது. திரும்பிப் போக வேண்டியது சிரை வழியாக. நிற்கும்போது அது கீழிருந்து மேலே ஏற வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்தத் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளை அமுக்கி, ரத்தத்தை மேலே தள்ளும். தள்ளியது மறுபடி இறங்காதபடி சிரைக்குள் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரைக்கும் போகும். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறார்களே, அதே கணக்குதான். நடக்க ஆரம்பித்தால் அதே இடத்தில் 20, 30 என்று இறங்கிவிடும்.

சிரை விரிந்து, வால்வு சரியாக மூடாமல் போனவர்களுக்கு எவ்வளவு நடந்தாலும் அந்த அழுத்தம் அப்படி இறங்குவதில்லை. அழுத்தம் இறங்காவிட்டால் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், கால் வீங்கும். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்து, தடித்து, கடைசியில் லேசில் ஆறாத புண்ணாகவும் ஆகலாம்.

ஸ்டாக்கிங்ஸ் வெளியிலிருந்து அமுக்கி, விரிந்த சிரையைச் சுருக்குகிறது. கணுக்காலில் அதிகமாக அமுக்கும், மேலே போகப் போகக் குறையும். பற்பசை டியூபை அடியிலிருந்து பிதுக்குகிற மாதிரிதான். வெறுமனே இறுக்கமாக இருக்கும் சாதாரண சாக்ஸ் இதற்கு மாற்றாகாது. அது மேல் விளிம்பில்தான் இறுக்கிப் பிடிக்கும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

இப்படிக் கீழே அதிகம், மேலே குறைவு என்று அழுத்தம் கொடுக்கும் ஸ்டாக்கிங்ஸுக்கு வழிபோட்டவர், இதே தொல்லையால் அவதிப்பட்ட ஒருவர். பெயர் கொன்ராட் ஜோப்ஸ்ட். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் டொலிடோ என்ற ஊரில் வாழ்ந்த பொறியாளர். காலில் சிரைப் புண். நீச்சல் குளத்துக்குள் நிமிர்ந்து நிற்கும்போது மட்டும் கால் இதமாக இருப்பதைக் கவனித்தார். தண்ணீரில் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். அதனால் பாதத்தில் அதிகம், மேலே குறைவு. அதையே துணியில் கொண்டுவர முடியுமா என்று உழைத்து, 1950 வாக்கில் இந்த வகை ஸ்டாக்கிங்ஸை உருவாக்கினார். வலியோடு இருந்தவர் தன் காலையே கவனித்துக் கண்டுபிடித்தது என்பதால் எனக்கு இதில் தனி மரியாதை உண்டு.

சரி, வாங்கலாமா? கொஞ்சம் பொறுங்கள். கால் வீக்கம் எல்லாமே சிரையால் வருவதில்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குப் பலர் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையே சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்குக் காலை அமுக்கினால், அங்கே தங்கியிருந்த நீர் திடீரென்று இதயத்துக்குப் போய்ச் சுமையைக் கூட்டிவிடும். ஆகவே காரணம் தெரிந்த பிறகுதான் ஸ்டாக்கிங்ஸ். இன்னொன்று: ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கு நீங்களாக ஸ்டாக்கிங்ஸ் மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எனக்கு அதிகக் கவலை தருவது தமனி அடைப்பு உள்ளவர்கள்தான். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். பாதம் எப்போதும் சில்லென்று இருக்கும். விரலில் பட்ட காயம் ஆறாது. இவர்களுக்குக் காலுக்கு ரத்தம் வருவதே குறைவு. அதற்கு மேல் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டால் வருகிற கொஞ்சமும் தடைப்படும். புண் வரலாம், விரலே போய்விடலாம். இதைக் கண்டுபிடிக்க வலியில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்து, கையில் உள்ள அழுத்தத்தால் வகுப்பார்கள். பொதுவாக 0.9-க்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இன்னொரு சிக்கல்: தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி, எண் 1.3-க்கு மேலே போய்விடும். பார்க்க நன்றாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் அந்த எண்ணை நம்ப முடியாது. விரலில் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும். கூடவே பாதம் மரத்துப் போயிருந்தால், ஸ்டாக்கிங்ஸ் அறுத்துக்கொண்டிருப்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதை அன்பளிப்பாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அன்போடு செய்வதுதான், தெரியும். ஆனாலும் வேண்டாம்.

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி, எவ்வளவு அழுத்தம்? பெட்டியில் எண் போட்டிருப்பார்கள், அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில். 15 முதல் 20 வரை என்பது லேசானது. கால் கனம், சாயங்கால வீக்கம், நீண்ட பயணம் இதற்கெல்லாம் பெரும்பாலும் போதும். 20 முதல் 30 வரை வெரிகோஸ் வெயினுக்கும் நீடித்த வீக்கத்துக்கும் எழுதித் தருவது. 30 முதல் 40 வரை, புண் ஆறியவர்கள், கடுமையான சிரை நோய் உள்ளவர்கள் போன்றவர்களுக்கு. 20-க்கு மேலே போகும் எதையும் மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது. சில பெட்டிகளில் எண்ணுக்குப் பதிலாக ‘கிளாஸ் 1, கிளாஸ் 2’ என்று இருக்கும். இதில் ஏமாந்துவிடாதீர்கள். கிளாஸ் 2 என்றால் ஜெர்மன் தரக் கணக்கில் 23 முதல் 32. பிரிட்டிஷ் கணக்கில் 18 முதல் 24. ஒரே பெயர், வேறு வேறு அழுத்தம். அதனால் எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு போட்டுவிடும் வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் வேறு ரகம். படுத்திருப்பவர்களுக்கு என்று செய்தது. கணுக்காலில் சுமார் 18 அழுத்தம். வீட்டுக்கு வந்து நடமாடத் தொடங்கியவரின் கால் வீக்கத்துக்கு அது ஏற்றதல்ல. பக்கவாதத்தால் படுத்திருப்பவர்களுக்குத் தொடை வரை போட்டுப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. ரத்தம் உறைவது குறையவில்லை, தோலில் புண் வந்ததுதான் அதிகம்.

இப்போது டேப்பை எடுங்கள். தைக்கிறவர்கள் வைத்திருக்கும் துணி டேப் போதும். காலையில் படுக்கையை விட்டு எழுந்த கையோடு அளவெடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். சாயங்காலம் கடைக்குப் போய், வீங்கிய காலை அளந்து வாங்கினால், மறுநாள் காலையில் அது தொளதொளவென்று இருக்கும். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிகவும் ஒல்லியாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்றளவு. கெண்டைக்கால் மிகவும் பருத்திருக்கும் இடத்தில் இன்னொன்று. உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பலருக்கு இரண்டும் ஒன்றாக இருக்காது. செருப்பு எண்ணை மட்டும் கேட்டு ஸ்டாக்கிங்ஸ் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெரும்பாலோருக்கு முழங்கால் வரைக்குமான நீளமே போதும். தொடை வரை போடுவது சிரமம், வியர்வை, நழுவல், அதனாலேயே விட்டுவிடுகிறார்கள்.

நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு அம்மா, ‘இதைப் போட்ட பிறகு கால் இன்னும் வீங்குகிறது’ என்று வந்தார். பார்த்தால் முழங்காலுக்குக் கீழே சிவந்து, விரல் அகலத்துக்கு ஒரு வளையம். நீளம் கூடுதலாக இருந்ததால் மேல் விளிம்பை இரண்டு மடிப்பாக மடித்துவிட்டிருந்தார். மடித்த இடத்தில் அழுத்தமும் அத்தனை மடங்காகிவிடும். ரத்தம் மேலே போக வேண்டிய இடத்திலேயே கட்டுப் போட்டது போல ஆகிவிட்டது. அதே சுற்றளவில் குட்டை நீளமும் கிடைக்கும். அதை மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும். மடிக்கவும் கூடாது, சுருட்டவும் கூடாது.

போடுவதற்கும் காலை நேரம்தான், கால் வீங்கும் முன்பே. குளித்திருந்தால் கால் நன்றாகக் காய வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். கைக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை, பாத்திரம் தேய்க்க மாட்டிக்கொள்வார்களே அதேதான். நகம் பட்டு இழை அறாது, பிடியும் கிடைக்கும். ஸ்டாக்கிங்ஸுக்குள் கையை விட்டு, குதிகால் பகுதியைப் பிடித்துக்கொண்டு, அதுவரைக்கும் உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். பாதப் பகுதி மட்டும் உள்ளே அடங்கி நிற்கும். முதுகு சாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை நுழைத்து, குதிகால் சரியாகக் குதிகாலில் வந்து உட்காரும் வரை ஏற்றுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. குதிகால் கோணலாக இருந்தால் மேலே எல்லாமே கோணல். பிறகு மீதியைக் கணுக்காலுக்கு மேலே திருப்பிவிட்டு, கையுறை போட்ட உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக நீவி ஏற்றுங்கள். விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கவே வேண்டாம். துணி நீண்டு, மேலே போய்க் குவிந்துகொள்ளும். கடைசியில் எங்கும் சுருக்கம் இல்லாமல் நீவிவிடுங்கள். கணுக்கால் முன்பக்கம் விழுகிற ஒரு சுருக்கம் போதும், சாயங்காலத்துக்குள் தோலைக் கீறிவிடும்.

குனிய முடியாதவர்களுக்கு ஸ்டாக்கிங்ஸை விரித்துப் பிடித்துக்கொள்ளும் கம்பிச் சட்டம் விற்கிறது. விரல் பகுதி திறந்த ரகம் என்றால், வழுக்கும் துணியில் செய்த மெல்லிய உறையை முதலில் பாதத்தில் மாட்டி, ஸ்டாக்கிங்ஸ் ஏறியதும் விரல் வழியாக அதை உருவிவிடலாம். கை வலி, மூட்டு வலி உள்ளவர்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் 30 முதல் 40 வரை உள்ளது ஏறவே மாட்டேன் என்றால், ஒரு படி குறைந்ததை எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பீரோவில் கிடக்கும் வலுவான ஸ்டாக்கிங்ஸைவிட, காலில் இருக்கும் லேசான ஸ்டாக்கிங்ஸ் எவ்வளவோ மேல்.

போட்ட பிறகு இறுக்கமாகப் பிடித்தது போல இருக்கும், அது இயல்புதான். வலி கூடினாலோ, விரல் வெளுத்தாலோ நீலம் பூத்தாலோ, மரத்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். ஒல்லியான, எலும்பு துருத்திய காலில் கூடுதல் கவனம் வேண்டும். எலும்பு துருத்தும் இடத்தில் வளைவு கூடுதல், அதனால் அதே துணி அங்கே அதிகமாக அமுக்கும். இரவு படுக்கும்போது கழற்றிவிடலாம், படுத்திருக்கும்போது சிரையில் அந்த அழுத்தம் இருக்காது. கழற்றியதும் குதிகால், கணுக்கால், விரலிடுக்கு எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். தோலுக்கான கிரீமையும் அப்போதுதான் தடவ வேண்டும். காலையில் தடவினால் ஸ்டாக்கிங்ஸ் ஏறாது, இழையும் கெடும்.

இதனால் வெரிகோஸ் வெயின் குணமாகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது. கெட்ட வால்வை இது சரிசெய்யாது. போட்டிருக்கும் வரைக்கும் கஷ்டத்தைக் குறைக்கும். சிரைப் புண் வந்தவர்கள் லேசர் போன்ற சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். சிரையைச் சீக்கிரமே சரிசெய்து, கூடவே அழுத்தக் கட்டும் போட்டால் புண் விரைவாக ஆறுகிறது என்று 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஸ்டாக்கிங்ஸ் போட்டிருந்தாலும் நடக்கவும் வேண்டும், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைக்கவும் வேண்டும்.

இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டால் மாற்றி மாற்றித் துவைக்கலாம். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் மீள்தன்மை உள்ள இழையைக் கெடுத்துவிடும். மென்மையான சோப்புக் கரைசலில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சும் வேண்டாம், துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம். தினமும் போட்டால் சுமார் 6 மாதத்தில் அழுத்தம் தளர்ந்துவிடும். அப்போது கிழிசல் எதுவும் இருக்காது, பார்க்கப் புதிது போலவே இருக்கும். ஒருநாள் காலையில் வழக்கமான சிரமம் இல்லாமல் சட்டென்று ஏறிவிட்டால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டைக் காட்டி அதே அளவை வாங்கிவிடாமல், மறுநாள் எழுந்ததும் டேப்பால் ஒருமுறை அளந்து பாருங்கள். ஒழுங்காகப் போட்டு வந்தவர்களுக்குக் கால் அளவே குறைந்திருக்கலாம்.

நன்றி, வணக்கம்.