மகள்கள் எங்கே போனார்கள்?

(எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஒழுகிக்கொண்டிருந்த இந்த மண்டபத்தின் கூரையைத் தம் சொந்தச் செலவில் மாற்றிக் கொடுத்த அரிசி ஆலை முதலாளி ஐயா அவர்களே! போன வருடம் நான் பேசும்போது மைக்குக்கு ஒருவர் குடை பிடித்தார். இந்த வருடம் குடைக்கு வேலை இல்லை, அதற்குத் தனியாக ஒரு நன்றி. நூலகர் அம்மா அவர்களே, வேளாண்மைத் துறையிலிருந்து வந்திருக்கும் உதவி இயக்குநர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் கைவசம் வைத்திருந்த இரண்டு நகைச்சுவையையும் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் என் பழைய மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திய எனக்கு மூலம் பார்ப்பதுதான் பிழைப்பே. பழைய எலும்புக்குள் இருக்கும் மரபணுவைப் படித்து, உலகத்தின் முதல் விவசாயிகள் யார் என்று சொல்கிறார்கள் இல்லையா, அதைப் பற்றி நான்கு விஷயம் சொல்வதாக உத்தேசம். எலும்பிலிருந்து அதை எப்படி எடுக்கிறார்கள், விவசாயம் ஊர்விட்டு ஊர் போனதா அல்லது விவசாயி போனாரா, பால் குடிக்கும் பழக்கம், நான்காவதாக நம் நாட்டு மண். நேரம் இருந்தால் நான்கும், இல்லாவிட்டால் இருக்கிற வரைக்கும்.

எடுப்பது லேசான வேலை இல்லை. உயிர் போனதும் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைய ஆரம்பிக்கிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக உடைகிறது. போதாததற்கு மண்ணிலிருக்கும் பாக்டீரியாவின் டிஎன்ஏ வேறு வந்து கலந்துகொள்ளும். உடம்பிலிருக்கும் எலும்புகளிலேயே மிகக் கெட்டியானது உட்காதைச் சுற்றியிருக்கும் எலும்பு. அதைத் துளைத்து ஒரு சிட்டிகை பொடி எடுக்கிறார்கள். கரையான் அரித்த பத்திரத்தை ஒட்டிப் படிப்பது மாதிரி அந்தத் துண்டுகளைக் கணினியில் வரிசைப்படுத்துகிறார்கள். துண்டின் முனைகளில் காலம் விட்டுப்போன ஒருவகைச் சிதைவு இருக்கும். அது இருந்தால் பழையது, இல்லாவிட்டால் தோண்டியவருடைய எச்சிலோ வியர்வையோ என்று சந்தேகப்படலாம். இந்தத் துறைக்கு வழி போட்ட ஸ்வாந்தே பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது விஷயம். மேற்கு ஆசியாவில் கோதுமை, பார்லி, ஆடு எல்லாம் மனிதன் கைக்கு வந்தது ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னால். அது ஐரோப்பாவுக்கு எப்படிப் போனது? பக்கத்து ஊர்க்காரன் செய்வதைப் பார்த்து இவனும் விதைத்தானா, விதைக்கத் தெரிந்தவனே பெண்டு பிள்ளையோடு குடிபெயர்ந்தானா? அறிஞர்கள் இதை வைத்துப் பல வருடம் சண்டை போட்டார்கள். எலும்பு தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்றைய துருக்கியில் இருக்கும் அனத்தோலியாவின் விவசாயிகள்தான் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த வேட்டைக்காரர்கள் வேறு வம்சம். பிறகு மெல்ல மெல்லக் கலந்திருக்கிறார்கள். 1991இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள்ளிருந்து 5,000 ஆண்டுக்கு மேற்பட்ட ஓர் உடல் கிடைத்ததே, ஓட்சி என்று பெயர் வைத்தார்கள், அவருடைய மரபணுவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அந்த அனத்தோலிய விவசாயிகளின் பங்கு என்று 2023இல் சொன்னார்கள். கறுத்த நிறமாம், முன்மண்டை வழுக்கையாம். அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் பொம்மையோ நிறைய முடியோடு, வெளுப்பாக இருக்கிறது!

ஆனால் விவசாயம் தொடங்கிய பக்கத்திலேயே கதை வேறு. அனத்தோலியா, ஈரானின் ஜாக்ரோஸ் மலை, இன்றைய இஸ்ரேல் – ஜோர்தான் பகுதி ஆகிய மூன்று இடத்து முதல் விவசாயிகளும் மூன்று தனித்தனிக் கூட்டம் என்று 2016இல் வந்த ஆய்வுகள் காட்டின. அங்கே விதையும் யோசனையும் கைமாறியிருக்கின்றன, ஆட்கள் அவரவர் இடத்திலேயே இருந்திருக்கிறார்கள். ஆக நதிமூலம் ஒன்று இல்லை, பல. நான் சொல்ல வந்தது இது இல்லை. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்தில் ஹேசில்டன் என்ற இடத்தில் சுமார் 5,700 ஆண்டு பழமையான ஒரு கல்லறை மேடு. உள்ளே வடக்கு, தெற்கு என்று இரண்டு அறை. 35 பேருடைய மரபணுவைப் பார்த்ததில் 27 பேர் ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை. ஒரு ஆணும் அவருக்குப் பிள்ளை பெற்ற நான்கு பெண்களும்தான் முதல் தலைமுறை. அடுத்தடுத்த தலைமுறை எல்லாம் மகன் வழியே. வேறொருவருக்குப் பிறந்து, தாயோடு வந்த பையன்களையும் தன் பிள்ளையாகவே சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். பெரிய மனசுதான். மகள்கள்? சின்ன வயதில் இறந்துபோன இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். வளர்ந்த மகள் ஒருத்தி கூட இல்லை!

பிரான்சில் குர்ஜி என்று ஓர் இடுகாடு, இன்னும் ஓராயிரம் ஆண்டு பழையது. ஏழு தலைமுறை, 64 பேர் கொண்ட ஒரே குடும்ப மரத்தை 2023இல் வரைந்து காட்டினார்கள். அங்கேயும் மகன்கள் இருக்கிறார்கள், வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள் இருக்கிறார்கள், வளர்ந்த மகள்களைப் பெரும்பாலும் காணோம்.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் அத்தை ஞாபகம்தான் வந்தது. தலைவர் மன்னிக்க வேண்டும், கொஞ்சம் நீளும்.

அத்தைக்கு மூன்று தம்பிகள், அதில் ஒருவர் என் அப்பா. தாத்தா போன பிறகு நிலத்தைப் பங்கு வைக்க வேண்டும். தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அக்காவிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. வாடகைக் காரில் அழைத்துப் போனார்கள். பட்டுச் சேலை வாங்கியாயிற்று, மத்தியானத்துக்குக் கறிச் சோறு சொல்லியாயிற்று. அந்தக் காலத்தில், ஏன், இந்தக் காலத்திலும் ஒரு பெண்ணின் பங்குக்கு அதுதானே விலை?

பதிவு அலுவலக வேப்பமரத்தடியில் பத்திர எழுத்தர் பேனாவை நீட்டினார். அத்தை வாங்கவில்லை. "எனக்குக் கண்ணு தெரியல தம்பி, படிச்சுக் காட்டு" என்றார். அவரும் ராகம் போட்டுப் படித்தார். சர்வே எண் ஆயிற்று, விஸ்தீரணம் ஆயிற்று, இதற்கு நான்கு மால் என்று நான்கு பக்க எல்லையையும் ஆரம்பித்தார். "பொதுக் கிணத்துக்கு மேற்கு..."

"நிறுத்து. கிணறு கிழக்க இல்ல, தெக்க. அதை வெட்டையில மண்ணு சுமந்தவ நான்."

எழுத்தர் தம்பிகளைப் பார்த்தார். தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிணறு எந்தப் பக்கம் என்று மூவரில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை! சித்தப்பா கிழக்கு என்கிறார், அப்பா யோசிக்கிறார், சின்னச் சித்தப்பா வயல் பக்கம் போய் வருடமாகிறது. அத்தை விடவில்லை. வடக்கு வரப்பில் புளியமரம் விழுந்த வருடம், வாய்க்காலைத் திருப்பிய வருடம், எந்த மூலையில் கல் நட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பக்கத்தில் வேறு பத்திரத்துக்காகக் காத்திருந்தவர்களெல்லாம் வந்து நின்று கேட்கிறார்கள்.

"மொதல்ல அளந்து சரியா எழுதிட்டு வாங்கடா. கையெழுத்தப் பத்தி அப்புறம் பேசுவோம்."

"அப்ப கறிச் சோறு அக்கா?"

"அதுக்கென்ன, அதை இப்பவே திம்போம்."

(கைதட்டல்)

அளந்தார்கள். அளந்து முடித்தபோது தெற்குத் துண்டு அத்தை பேருக்கே பட்டா ஆகியிருந்தது. கிணறு இருக்கும் துண்டு!

மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'ஐந்து நிமிடம்' என்கிறது. சரி.

எப்போதுமே இப்படித்தான், பெண் என்றால் போகிறவள்தான் என்று யாராவது சொன்னால் அவர்களைச் சாட்டல்ஹோயுக் அனுப்புங்கள். துருக்கியில் 9,000 ஆண்டுக்கு முந்தைய ஊர். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைப்பார்கள். 2025இல் வெளிவந்த ஆய்வில் 131 பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். ஒரு வீட்டுக்குள் கிடப்பவர்களைச் சேர்ப்பது தாய் வழி. மகள்களில் 70 முதல் 100 விழுக்காடு வரை பிறந்த வீட்டோடு தொடர்பு விடாமல் இருந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கணிப்பு. கல்யாணமாகி வெளியே போனதாகத் தெரிவது ஆண்பிள்ளைகள்! பெண் குழந்தைகளின் குழியில் ஆண் குழந்தைகளுக்கு வைத்ததைப் போல ஐந்து மடங்கு பொருள் இருந்தது. அங்கே பெண்ணாட்சி நடந்தது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவுக்கு விதையோடு போனவர்களும் இந்த அனத்தோலிய மக்கள்தானே? வழியில் எங்கோ மகளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இது ஆய்வேட்டில் இல்லாத வாக்கியம், என்னுடையது. ரிஷிமூலம் பார்க்காதே என்று நம்மை ஏன் தடுத்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

பாலைப் பற்றி ஒரே வரி. பெரியவர்களான பிறகும் பாலைச் செரிக்கும் மரபணு பரவுவதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பே ஐரோப்பியர்கள் பால் கறந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். எப்படி என்பதை அடுத்த வருடம் கேளுங்கள். நான்காவது, நம் நாட்டு மண். இங்கே வெக்கை அதிகம். ஹரியானாவில் சிந்துவெளி நாகரிகத்து ஊரான ராகிகடியில் சுமார் 60 மாதிரி எடுத்து, ஒரே ஒரு பெண்ணிடம்தான் படிக்கும் அளவுக்கு மரபணு கிடைத்தது. அவரிடம் இருந்த ஈரானியத் தொடர்புள்ள மூதாதையர் பங்கு, ஈரானில் விவசாயம் தொடங்கும் முன்பே பிரிந்துவிட்ட கிளை என்று 2019இல் சொன்னார்கள். அங்கிருந்து விவசாயிகள் திரளாக வந்துதான் இங்கே ஏர் பூட்டினார்கள் என்ற வாதத்துக்கு அது அடி.

சீட்டு இன்னொன்று வந்துவிட்டது. மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் வந்தது, நாடு முழுவதும் 2005இல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவில் பெண்கள் பேரில் இருந்த சாகுபடி உடைமை சுமார் 14 விழுக்காடு. களை எடுப்பதும் நாற்று நடுவதும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எங்கள் குழு ஒரு மனு தயாரித்திருக்கிறது. பெண்கள் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதியும் முன், நான்கு மாலையும் வழிகாட்டி மதிப்பையும் அந்தப் பெண்ணுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கணவன் மனைவி பேரில் கூட்டுப் பட்டா கேட்டால் அலைக்கழிக்கக் கூடாது. இவ்வளவுதான் கேட்கிறோம். வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கப்போகிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது, ஆண்களும் கையெழுத்துப் போடலாம். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கண்ணாடி கொண்டு வராதவர்களுக்கு என் மாணவி ஒருத்தி படித்துக் காட்டுவாள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. நன்றி, வணக்கம்.