சட்டைக் கையின் சிவப்பு ஓரம்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் கொரியச் சரித்திரத் தொடர்களை விடாமல் பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் கொரியாவை ஆண்ட ஜோசொன் அரசு எப்போது இருந்தது, யார் நிறுவியது என்று அடியிலிருந்து தொடங்கப் போவதில்லை. ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறேன். 2021 நவம்பரில் எம்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 2022 புத்தாண்டு நாளன்று முடிந்த ‘தி ரெட் ஸ்லீவ்’. மொத்தம் 17 பகுதிகள். இளவரசன் யி சானாக லீ ஜுன்ஹோ, அரண்மனைப் பணிப்பெண் டொக் இம்மாக லீ சே யங். இருவரும் 18ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே வாழ்ந்தவர்களின் கதாபாத்திரங்கள். யி சான்தான் 1776 முதல் 1800 வரை ஆண்ட ஜொங்ஜோ மன்னன். டொக் இம் அவனுடைய துணைவியாகி, 1786இல் இறந்துபோனவள்.

இந்தத் தொடரில் உடை அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான். எனக்கு அதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டும். டொக் இம் யார், அவள் ஏன் அப்படி நடந்துகொள்கிறாள் என்பதற்கான விடை முழுக்க அவள் சட்டைக் கையின் ஓரத்தில் இருக்கிறது. அதைக் கவனிக்காதவர்கள் பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஜொகொரி என்பது கொரியப் பெண்கள் மேலே அணியும் சட்டை. பொத்தான் கிடையாது. மார்புக்கு நேரே இரண்டு நாடாக்களை ஒற்றைச் சுருக்காக முடிந்துகொள்வார்கள். கழுத்துப் பட்டிக்கு மேல் வெள்ளையாக ஒரு மெல்லிய பட்டை தெரிகிறதே, அது தனியாகத் தைத்துச் சேர்த்தது. அழுக்கானால் அதை மட்டும் பிரித்துவிட்டு வேறொன்றைத் தைத்துக்கொள்ளலாம். கையின் நுனியிலும் அப்படியே வேறு நிறத்தில் ஒரு துண்டு. அந்தக் காலத்தில் இந்தச் சின்னத் துண்டுகளைப் பார்த்தே ஒரு பெண்ணின் குடும்ப நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். நாடா கருஞ்சிவப்பாக இருந்தால் கணவன் உயிரோடு இருக்கிறான். கைநுனி நீலமாக இருந்தால் மகன் பிறந்திருக்கிறான். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், அவளுடைய கணக்கை உடையே ஒப்பித்துவிடும்.

சரி, அரண்மனைப் பணிப்பெண்ணுக்கு? அவளுக்குக் கணவனும் இல்லை, மகனும் இல்லை. அவள் கைநுனி சிவப்பு. அவள் மன்னனுக்கு உரியவள் என்பதற்கு அதுதான் அடையாளம் என்கிறது தொடர். அதன் பெயரே அங்கிருந்துதான் வருகிறது. நன்றாக யோசித்துப் பாருங்கள். அடுப்படியில் வேலை செய்கிறவள், துணி தைக்கிறவள், இளவரசனின் புத்தகங்களை அடுக்குகிறவள் என்று அத்தனை பேரும் மன்னனுக்கு உரியவர்கள். அவர்களில் பெரும்பாலோரை மன்னன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் வேறு ஒருவனை அவர்கள் மணக்க முடியாது.

சிறுமிகளாக உள்ளே வருவார்கள். ஏறத்தாழ 15 ஆண்டுகள் கற்றுக்கொண்ட பிறகு அவர்களுக்கு ஒரு சடங்கு நடக்கும். கொண்டை போட்டு, மணப்பெண்ணைப் போல் அலங்கரித்து, விருந்து வைத்து, எல்லாம் கல்யாணம் மாதிரியே இருக்கும். மாப்பிள்ளை மட்டும் இருக்க மாட்டான். அன்றிலிருந்து அவள் முழுப் பணிப்பெண். மேலும் 15 ஆண்டுகள் போனால் சங்குங் என்ற உயர்ந்த பதவி கிடைக்கலாம். தீராத நோய் வந்துவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அரச குடும்பத்தார் தவிர வேறு யாரும் அரண்மனைக்குள் சாகக் கூடாது என்பது விதி.

இப்படி ஓர் உடைக்குள்தான் டொக் இம் இருக்கிறாள். ஆனால் அவளைப் பார்த்தால் அந்த உடையின் பாரம் தெரிகிறதா? தொடக்கத்தில் தெரியவே தெரியாது. துறுதுறுவென்று இருப்பாள். கதை படித்துக் காட்டுவதில் கெட்டிக்காரி, மற்ற பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு அழுவார்கள். நல்ல கையெழுத்து, பிரதி எடுத்துக் காசு சேர்ப்பாள். இதெல்லாம் கதாசிரியரின் கற்பனை மட்டும் இல்லை. 1773 வாக்கில் இளவரசிகளோடு சேர்ந்து ஒரு நீண்ட நாவலை அவள் கையால் பிரதியெடுத்திருக்கிறாள், அந்தப் பிரதி இன்றும் இருக்கிறது. புத்தகம் படிக்கும் பெண், எழுதும் பெண், தனக்கென்று ஆசைகள் உள்ள பெண். லீ சே யங் இந்த ஆசைகளைத்தான் நடித்திருக்கிறார். பணிந்து குனிந்து நிற்கும்போதுகூடக் கண்ணில் ஒரு எதிர்க்கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும்.

யி சானை அவள் முதலில் யாரென்று தெரியாமல்தான் சந்திக்கிறாள். நூலகத்துக்கு வந்து போகும் ஓர் ஆசிரியர் என்று நினைத்துக்கொள்கிறாள். அவன் கண்டிப்பானவன், சின்னத் தப்புக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்கிறான், எழுதியதைத் திருப்பித் திருப்பி எழுத வைக்கிறான். அவளும் சரிக்குச் சரி வாயாடுகிறாள். அந்தப் பகுதிகள் முழுவதும் அவன் மேல் டிராகன் தைத்த அரச உடை இல்லாததால்தான் நடக்கிறது. அது வந்துவிட்டால் அவள் தலை தாழ்ந்துவிடும். இருவரும் சமமாக நின்று சண்டை போட்ட நாட்கள் அவ்வளவுதான். அப்புறம் வாழ்நாள் முழுக்க அவன் அந்த நாட்களைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

டிராகன் உடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மார்பு, முதுகு, இரண்டு தோள் என்று பொன்னிழையில் டிராகன் வட்டங்கள் தைத்த அங்கி மன்னனுடையது. நிறம் சிவப்பு. டிராகனின் பாதத்தில் ஐந்து நகங்கள் இருக்கும். பட்டத்து இளவரசனுக்கு நான்கு, மன்னனின் பேரன் வாரிசாக இருந்தால் மூன்று. நகத்தை எண்ணினாலே வரிசை தெரிந்துவிடும். யி சான் பேரன். அவன் தொடரின் பெரும்பகுதியில் கருநீல உடையில்தான் வருகிறான். அரியணை ஏறிய பின் சிவப்பு அங்கியில் அவனைப் பார்க்கும்போது நமக்கு மகிழ்ச்சி வருகிறது, கூடவே ஒரு பயமும் வருகிறது. அவன் அங்கியின் சிவப்பும் அவள் கைநுனியின் சிவப்பும் அப்போதுதான் ஒரே சட்டகத்தில் வருகின்றன. அவன் உடுத்தியிருப்பது அதிகாரம். அவள் உடுத்தியிருப்பது அந்த அதிகாரத்தின் முத்திரை.

ஏன் பேரன் வாரிசானான்? அப்பா சாடோ இளவரசன் 1762இல், தன் தந்தை யொங்ஜோ மன்னரின் கட்டளையால் ஓர் அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு, எட்டாம் நாள் உள்ளேயே இறந்தான். யி சானுக்கு அப்போது ஒன்பது வயது. இதைப் பற்றி ஒன்று சொன்னால் உடை எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கு விளங்கும். சாடோவின் மனைவி ஹேக்யோங் முதுமையில் தன் நினைவுகளை எழுதி வைத்தார். அதில், கணவருக்கு உடை உடுத்துவதே பெரும் பீதியாக மாறியது என்கிறார். ஒரு முறை வெளியே கிளம்ப வேண்டுமானால் பத்து, இருபது, முப்பது உடைகள் தைத்து வைக்க வேண்டும். சிலவற்றை எரிப்பார். கடைசியில் ஏதோ ஒன்று உடம்பில் நின்றால் அதையே நைந்து போகும்வரை போட்டிருப்பார். 1761இல், உடை உடுத்திவிட்டுக்கொண்டிருந்த வேளையில், தான் விரும்பிய பெண்ணையே அடித்துக் கொன்றுவிட்டார். மருத்துவர்கள் இன்று அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அரச உடையும் தந்தையின் பார்வையும் அந்த மனிதருக்கு ஒன்றாகிவிட்டன என்றே நான் வாசிக்கிறேன். உடுத்தினால் அப்பாவைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட அப்பாவின் மகன் டிராகன் அங்கியை எப்படி அணிவான்? லீ ஜுன்ஹோவின் உடல்மொழியைப் பாருங்கள். முதுகு வளையவே வளையாது. கழுத்துப் பட்டி ஒரு இழைகூடக் கலையாது. யாரும் குறை சொல்ல இடம் கொடுத்துவிடக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை அவன். தாத்தா யொங்ஜோவாக லீ டொக் ஹ்வா. எனக்கு இந்தத் தொடரில் நடிப்பென்றால் முதலில் அவர்தான். 81 வயதுவரை வாழ்ந்து, 52 ஆண்டுகள் ஆண்ட மன்னர். ஒரு கணம் பேரனைக் கொஞ்சுவார், அடுத்த கணம் முகம் மாறும். நினைவு தப்பிப்போய் அவர் தடுமாறும் காட்சிகளில் அந்தச் சிவப்பு அங்கி அவருக்குப் பெரிதாகிவிட்டது போலத் தோன்றும்.

தலைமைப் பணிப்பெண் ஜோவை மறந்துவிடக் கூடாது. பார்க் ஜி யங் நடித்திருக்கிறார். நூற்றுக்கணக்கான பணிப்பெண்களைச் சேர்த்து ஒரு ரகசிய அமைப்பையே நடத்துகிறாள். மன்னன் நினைத்தால் எங்களை எந்த நேரமும் தூக்கி எறியலாம் என்பது அவளுடைய கோபம். வில்லி என்று ஒதுக்கிவிட முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். அதே சிவப்புக் கைநுனியை அவள் ஒரு படையின் சீருடையாக மாற்றிவிடுகிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, செய்வதில் இல்லை.

கூந்தல் அலங்காரத்தையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் சவுரி சேர்த்துப் பின்னிய பெரிய பாரத்தைத் தலையில் சுமந்தார்கள். யி டொக் மு என்ற அறிஞர், ஜொங்ஜோவின் அரச நூலகத்தில் வேலை பார்த்தவர், ஒரு பதின்மூன்று வயது மணப்பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். மாமனார் அறைக்குள் வந்ததும் மரியாதைக்காகச் சட்டென்று எழுந்தாள், தலைப்பாரம் இழுத்துக் கழுத்து முறிந்து இறந்தாள். யொங்ஜோ 1756இல் இதற்குத் தடை போட்டார், பலிக்கவில்லை. 1788இல் மறுபடி தடை போட்டது வேறு யாருமில்லை, நம் கதாநாயகன்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். யி சான் அவளைத் தன் துணைவியாகக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். இது சரித்திரம். அவள் இறந்தபின் ஜொங்ஜோ தன் கையாலேயே அவளுக்குக் கல்லறை வாசகம் எழுதினான். அதில் இருக்கிறது: முதலில் கேட்டபோது, அவன் மனைவியான இளவரசிக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை என்று சொல்லி அழுது மறுத்தாள். பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கேட்டபோதும் மறுத்தாள், அதன் பிறகே சம்மதித்தாள். ஒரு மன்னன், தன்னை ஒரு பணிப்பெண் இரண்டு தடவை மறுத்ததைத் தானே எழுதி வைத்திருக்கிறான். எனக்கு அந்த மனிதன் மேல் மதிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

தொடரில் அவள் சம்மதித்த பிறகு உடை மாறுகிறது. பொன் அச்சிட்ட பட்டு, விலையுயர்ந்த கொண்டை ஊசி. கண்ணுக்கு விருந்து. ஆனால் அவள் சுருங்கிவிடுகிறாள். தோழிகள் மூவர், கூடவே படுத்து, கூடவே திருடித் தின்று வளர்ந்தவர்கள், இனி அவளை வணங்கித்தான் பேச வேண்டும். கதை படிக்கும் குரல் நின்றுவிடுகிறது. நாள் முழுவதும் அறையில் உட்கார்ந்து அவன் வருவானா என்று பார்த்திருக்க வேண்டும். பணிப்பெண் உடையில் அவள் ஓடினாள், இந்த உடையில் நடக்கக்கூட இடம் இல்லை. 1786இல் அவளுடைய மூன்று வயது மகன் தட்டம்மையில் போனான். அதே ஆண்டு, வயிற்றில் இன்னொரு பிள்ளையோடு அவளும் போனாள். ஆண்டுகள் கழிந்து அவளுடைய பழைய பணிப்பெண் சட்டை அவன் கைக்கு வருகிறது. விரித்துப் பார்க்கிறான். இவ்வளவு சிறிய உடையா என்று அவனுக்குத் தோன்றுகிறது. அத்தனை ஆண்டு அருகில் இருந்தும் அவள் எவ்வளவு சிறிய உருவம் என்பது அவன் கண்ணில் பட்டதில்லை.

இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது வழக்கம். அவள் அவனைக் காதலிக்கவே இல்லை என்பார்கள் சிலர். அத்தனை அன்பு கொட்டியும் இப்படி விலகி விலகிப் போனாளே என்று வருத்தப்படுவார்கள் சிலர். சாகும் தறுவாயில் அவள் அவனிடம் இரண்டு செய்திகள் சொல்கிறாள். அடுத்த பிறவியில் என்னைப் பார்த்தால் தெரியாதவர்போல் கடந்து போய்விடுங்கள் என்கிறாள். உண்மையிலேயே விருப்பம் இல்லாமல் இருந்திருந்தால் எப்படியாவது தப்பி ஓடியிருப்பேன், உங்கள் பக்கத்தில் இருந்தது என் முடிவு என்றும் சொல்கிறாள். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அவனை அவள் விரும்பினாள், அவனுக்கு உரியவளாக இருப்பதை விரும்பவில்லை. அந்த அரண்மனையில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வழியில்லை. அதனால்தான் நான் அவளைக் கல் நெஞ்சுக்காரி என்று சொல்ல மாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் பாருங்கள். பார்த்தவர்கள் கடைசி மூன்று பகுதிகளை மட்டும் இன்னொரு தடவை போட்டு, லீ சே யங் முகத்தை விட்டுவிட்டு அவர் கைகளைக் கவனித்துப் பாருங்கள். நன்றி.