திருவாதிரைக்குக் கீழே ஒரு வெற்றிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி மாதம் இரவு ஒன்பது மணிக்கு மேல் மொட்டைமாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். திருவாதிரை நட்சத்திரம் சிவப்பாகத் தெரியும். அதற்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக, சிரியஸ் பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே மனதில் ஒரு கோடு போட்டு, திருவாதிரையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் இறங்கி வாருங்கள். அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இன்று நான் பேச வந்தது அந்த இடத்தைப் பற்றித்தான்.

1975 ஆகஸ்ட் 3. பிரிட்டனின் ஏரியல் 5 செயற்கைக்கோள் மேலே போய்ப் பத்து மாதம்கூட ஆகவில்லை. விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிரை நம் காற்றுமண்டலம் தரைவரை விடாது. அதனால் கருவியை மேலே அனுப்பித்தான் பார்க்க வேண்டும். ஏரியல் பம்பரம் போலச் சுழன்றபடியே வானத்தைத் துழாவும். எக்ஸ் கதிர் வீசும் பொருள் ஒன்று கருவிக்கு நேரே வந்தால் எண்ணிக்கை ஏறும், கடந்துபோனதும் இறங்கும். வரைபடத்தில் அது ஒரு சின்ன மேடு. எந்தெந்த இடத்தில் மேடு வரும் என்பதற்குப் பட்டியல் உண்டு. அன்று பட்டியலில் இல்லாத இடத்தில் ஒரு மேடு வந்தது.

மேட்டைப் பார்த்ததுமே புதியது என்று சொல்லிவிட முடியாது. சூரியன் செய்த வேலையா, கருவியில் மின்துகள்கள் மோதினவா, பக்கத்தில் இருக்கும் பழைய எக்ஸ் கதிர்ப் பொருள்தான் பிரகாசம் கூடிவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இந்த மேடோ நாளுக்கு நாள் வளர்ந்தது. அதுவரை சூரியனுக்கு அடுத்தபடியாக இருந்த ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர்ப் பொருளையே சில நாட்களில் மிஞ்சியது. உச்சத்தில், வெடித்த விண்மீன் ஒன்றின் மிச்சமான நண்டு நெபுலாவைப் போலச் சுமார் 50 மடங்கு. ஏ0620-00 என்று பெயர் வைத்தார்கள். ஏ என்றால் ஏரியல், மற்றது அதன் வானத்து முகவரி.

சரி, அந்த முகவரியில் யார் இருந்தார்கள்? தொலைநோக்கியில் பார்த்தால், வழக்கமாக மிக மங்கலான ஒரு விண்மீன் பல நூறு மடங்கு பிரகாசமாகியிருந்தது. அப்புறம் ஹார்வர்டு வானாய்வகத்தின் பழைய கண்ணாடித் தகடுகளைத் தேடினார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் அங்கே உண்டு. அவை நெகட்டிவ். இரவு வெளுத்திருக்கும், விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். 1917-ல் எடுத்த தகடுகளில் அதே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி பெருத்திருந்தது! 58 ஆண்டுகளுக்கு முன்பே அது ஒருமுறை வெடித்தெழுந்திருக்கிறது. படம் எடுத்தவருக்கு எக்ஸ் கதிர் வானியல் என்ற ஒன்று வரும் என்றே தெரியாது. என்றாலும் தகட்டில் தேதி போட்டுப் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைப்பது இதுதான்.

அங்கே இருப்பது ஒரு ஜோடி. சூரியனைவிடச் சிறிய விண்மீன் ஒன்று, அதன் வாயுவை இழுக்கும் இருண்ட துணை ஒன்று. இழுத்த வாயு நேரே உள்ளே விழுவதில்லை. துணையைச் சுற்றி வட்டாகச் சேர்கிறது. பல பத்து ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்ந்து, ஒரு கட்டத்தில் வட்டு சூடேறி நிலை தடுமாறுகிறது. சேர்த்தது சில மாதங்களில் உள்ளே சரிகிறது. விழுகிற வாயு கோடி டிகிரி அளவுக்குக் கொதித்து எக்ஸ் கதிராக எரிகிறது.

வெளிச்சம் அடங்கிய பிறகுதான் அந்தத் துணையை எடைபோட முடிந்தது. சின்ன விண்மீன் 7.75 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, வினாடிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. 1986-ல் மக்ளின்டாக், ரெமில்லார்டு என்ற வானியலாளர்கள் இருவரும் இதை வைத்துப் போட்ட கணக்கின்படி, துணையின் எடை சூரியனைப் போல மூன்று மடங்குக்குக் குறைய வழியில்லை. விண்மீன் இறந்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த நியூட்ரான் விண்மீன்கூட அத்தனை எடை தாங்காது. ஆக, அது கருந்துளை.

இன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஜப்பானின் மாக்ஸி கருவி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வானத்தைச் சுற்றிப் பார்க்கிறது. 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் ஆஸ்ட்ரோசாட்டிலும் இதே வேலைக்கென்று ஒரு கருவி வைத்தார்கள்.

1975-உடன் 58-ஐக் கூட்டினால் 2033. அந்தக் கணக்குக்கு அது கட்டுப்பட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இருந்தாலும் மார்கழி வந்தால் நான் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.