எடிட்டருக்குள் ஒரு பிரவுசர்

வணக்கம் நேயர்களே. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் பிரவுசரைத் திறப்பேன். அங்கிருந்து ஒரு லிங்க், அதிலிருந்து இன்னொன்று. திரும்பி வந்து பார்த்தால், பாதியில் நின்ற வாக்கியத்தை எப்படி முடிக்க நினைத்தேன் என்பதே மறந்து போயிருக்கும். இப்போது நான் எழுதுகிற எடிட்டர் மென்பொருளுக்குள்ளேயே இணையத்தைப் படிக்கிறேன்.

கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் 1990இல் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கங்களைப் படிக்கவும் முடிந்தது, திருத்தவும் முடிந்தது. பிற்பாடு பரவிய பிரவுசர்கள் படிப்பதோடு நின்றுகொண்டன. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

நான் பயன்படுத்தும் எடிட்டரின் பெயர் ஈமேக்ஸ். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட க்னூ ஈமேக்ஸ்தான். 2014இல் வந்த 24.4 பதிப்பிலிருந்து அதனுள்ளேயே ஒரு பிரவுசர் இருக்கிறது. ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தி, இ-டபிள்யூ-டபிள்யூ என்று தட்டினால் முகவரி கேட்கும். வெறும் சொற்களைக் கொடுத்தால் டக்டக்கோ என்ற தேடுபொறியில் தேடித் தரும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். திரையை இரண்டாகப் பிரித்து, மேலே ஒரு நீண்ட கட்டுரை, கீழே என் மொழிபெயர்ப்பு. கட்டுரைக்கு முன்னால் ஏகப்பட்ட மெனு வரிகள். ஷிஃப்ட்டோடு ஆர் அழுத்தினேன். மெனுவெல்லாம் போய்க் கட்டுரை மட்டும் நின்றது. கண்ட்ரோல்-எஸ் போட்டு வேண்டிய சொல்லைத் தேடி, அந்தப் பத்தியை எடுத்துக் கீழே ஒட்டினேன். பிறகு டபிள்யூ ஒரு தட்டு. பக்கத்தின் முகவரியும் கைக்கு வந்தது, அதையும் பத்திக்கு அடியில் ஒட்டிவிட்டேன். மவுஸைத் தொடவேயில்லை. இணையப் பக்கமும் இங்கே வெறும் உரைதான். நாள் முழுக்க எழுதப் பழகிய அதே விசைகள் அதற்கும் செல்லும்.

குறையையும் சொல்லியாக வேண்டும். இணையப் பக்கங்களை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இதில் ஓடாது. அதை நம்பியிருக்கும் தளங்கள் காலியாக நிற்கும், வங்கிக் கணக்கு வேலைக்கெல்லாம் இது ஆகாது. அப்போது ஆம்பர்சண்ட், அதாவது 'அண்ட்' குறியைத் தட்டினால் அதே பக்கம் வழக்கமான பிரவுசரில் திறக்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாததில் ஒரு நிம்மதியும் உண்டு: துள்ளி வரும் விளம்பரம் இல்லை, தானாக ஓடும் வீடியோ இல்லை.

வானொலியில் பேசும்போது இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. ராமன் 1995இல் ஈமேக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஈமேக்ஸில் இருக்கும் உரையை அது வாய்விட்டுப் படிக்கும். ஒரே குரலில் ஒப்பிப்பதில்லை. எழுத்தின் தோற்றம் மாறும் இடத்தில் குரலையும் மாற்றும். இந்தப் பிரவுசரில் திறக்கும் பக்கங்களையும் அப்படிக் கேட்கலாம்.

உங்கள் கணினியில் ஈமேக்ஸ் இருந்தால், படிக்காமல் தள்ளிப்போட்டு வரும் நீண்ட கட்டுரை ஒன்றை இன்று அதில் திறந்து பாருங்கள். வணக்கம்.