மணக்கும் எண்ணெய், ஒழுகும் பாக்டீரியா

[காட்சி: பாக்டீரியா படர்ந்த கண்ணாடித் தட்டு. நடுவில் காகித வில்லை, சுற்றிலும் தெளிந்த வளையம்.]

இந்தக் காகித வில்லையில் இருப்பது துளியளவு ஓம எண்ணெய். தட்டெங்கும் பாக்டீரியா வளர்ந்திருக்க, வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. விளம்பரங்களுக்கு மிகவும் பிடித்த படம் இது. வளையம் பொய்யில்லை. ஆனால் அதை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்பதில்தான் தகராறு.

[காட்சி: செல் சவ்வின் குறுக்குவெட்டு]

ஓம எண்ணெயின் முக்கியச் சரக்கு தைமால். ஓரிகானோ என்ற மூலிகையின் எண்ணெயில் இருப்பது அதன் உடன்பிறப்பான கார்வக்ரால். இரண்டும் தண்ணீரில் எளிதில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் சவ்வோ கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனது. ஆகவே இவை நேராக அதற்குள் போய்க் குடியேறுகின்றன. சவ்வு தளர்கிறது. உள்ளே சேர்த்து வைத்திருந்த பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிகின்றன. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியும் தீர்ந்துபோகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பாரா-சைமீன். கார்வக்ராலிலிருந்து ஒரே ஒரு ஆக்சிஜன் அணுவை நீக்கினால் கிடைக்கும் பொருள் இது. இதுவும் சவ்வுக்குள் புகுகிறது, அதை உப்பச் செய்கிறது. ஆனால் தனியாக விட்டால் பாக்டீரியாவைக் கொல்வதில் மிகவும் சோனி. அந்த ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ராக்சில் தொகுதியாக நிற்பதுதான் வித்தியாசம். அது புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, சுமந்து சவ்வைக் கடக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

[காட்சி: ஊதா, இளஞ்சிவப்பு நிறச் செல்கள்]

1884இல் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறை பாக்டீரியாக்களை இரண்டு அணிகளாகப் பிரித்தது. ஊதாவாக நிற்கும் கிராம்-பாசிட்டிவ் வகை பொதுவாக இந்த எண்ணெய்களுக்கு எளிதில் பணிகிறது. இளஞ்சிவப்பான கிராம்-நெகட்டிவ் வகைக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள மூலக்கூறுகள் அங்கேயே தடுமாறுகின்றன. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா இதில் பெயர்போன பிடிவாதக்காரன்.

[காட்சி: மீண்டும் தட்டு, அருகில் அளவுகோல்]

இப்போது வளையத்துக்கு வருவோம். தட்டிலுள்ள அகார், அதாவது பாக்டீரியா வளரும் கூழ், பெரும்பாலும் தண்ணீர்தான். எண்ணெய் அதில் சரியாகப் பரவாது, காற்றிலும் பறந்துவிடும். எனவே சிறிய வளையம் என்றால் வலுவில்லாத எண்ணெய் என்று முடிவுகட்ட முடியாது. எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பால்மமாக்கியின் துணையோடு அதைத் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவுக்குக் கீழே வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது என்று பார்ப்பதே மேலான வழி.

அப்படிக் கிடைக்கும் அளவையும் அப்படியே உணவுக்குப் பொருத்திவிட முடியாது. உணவின் கொழுப்பும் புரதமும் எண்ணெயைத் தம்மிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால், பாக்டீரியா சாவதற்கு முன்பே சாப்பிடுகிறவர் நெடி தாங்காமல் உணவுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

நம் செல்களுக்கும் கொழுப்புச் சவ்வுதான். நீர்க்கச் செய்யாமல் பூசினால் தோலும் எரியும்.